ட்ரான்ஸ்பேரன்ட் படத்தை வியூவர் எந்தப் பின்னணியில் காட்ட வேண்டும்?

பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு நீங்கள் செய்துகொடுத்த லோகோ ஒருவருடைய ஃபோனில் கறுப்புப் பின்னணியோடும், இன்னொருவருடைய கணினியில் வெள்ளைப் பின்னணியோடும், மூன்றாமவருக்குச் சாம்பல் கட்டங்களோடும் தெரிகிறது. பண்டாரவளையில் நீங்கள் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு ஒரு சிறிய வியூவர், அதாவது படங்களைத் திறந்து காட்டும் மென்பொருள், எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எது சரி, எதை அதில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டபடி உங்கள் உண்மையான கேள்வி இது: கோப்பில் பின்னணி என்று ஒன்றுமே இல்லை, ஆனால் திரையில் எதையாவது காட்டியே தீர வேண்டும், அப்போது பார்ப்பவரைத் தவறாக நம்பவைக்காமல் எப்படிக் காட்டுவது? நான் ஹட்டனில் பல வருடங்களாக டிசைன், அச்சு வேலை செய்கிறேன். அந்த வேலைக்குத் தேவையான சின்னச் சின்ன மென்பொருட்களையும் நானே எழுதிக்கொள்கிறேன். அதிலிருந்துதான் இந்தப் பதில். சினிமா, கேம் துறைகளில் நான் வேலை செய்ததில்லை, ஆகவே அந்தப் பக்கம் அதிகம் போக மாட்டேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லோகோவைக் காட்டிய மூன்று பேருடைய மென்பொருளும் கணக்கில் பிழை விடவில்லை. ஒவ்வொரு பிக்ஸலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண் இருக்கிறது. அதுதான் அல்ஃபா. வழக்கமான 8 பிட் படத்தில் அது 0 முதல் 255 வரை போகும். 255 என்றால் அந்தப் பிக்ஸல் பின்னால் இருப்பதை முழுவதும் மறைக்கும், 0 என்றால் ஒன்றையும் மறைக்காது. நடுவில் இருந்தால், முன்னால் உள்ள நிறத்தை அல்ஃபா விகிதத்தால் பெருக்கி, பின்னால் உள்ள நிறத்தை மீதி விகிதத்தால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். உங்கள் லோகோவில் உள்ள கொழுந்தின் நுனியை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் பாதி மறைந்தும் மறையாமலும் ஒரு வரிசைப் பிக்ஸல்கள் இருக்கும். அதில் ஒன்றின் பச்சை மதிப்பு 200, அல்ஃபா 128 என்று வையுங்கள். வெள்ளையின் மேல் அது 227 ஆகத் தெரியும், கறுப்பின் மேல் 100 ஆகத் தெரியும். கோப்பு ஒன்றுதான், பிக்ஸலும் ஒன்றுதான். பின்னால் எதை வைத்தோம் என்பதில்தான் வித்தியாசம். திரீவீலர் பின்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை எடுத்துக் காட்டி, ‘இதன் பின்னணி என்ன நிறம்?’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ட்ரான்ஸ்பேரன்ட் படமும் அப்படித்தான்.

அல்ஃபா தொடங்கிய கதையிலும் இதே விஷயம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் வேலை செய்த எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் ஒரே உருவத்தைப் பல பின்னணிகளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னணி மாறும்போதெல்லாம் உருவத்தைத் திரும்பக் கணக்கிடுவது அன்றைய கணினிகளுக்குப் பெரிய சுமை. மறைக்கும் அளவையும் நிறத்தோடு சேர்த்து அதே கோப்பில் வைத்துவிட்டால், பின்னணியைப் பிறகு தீர்மானிக்கலாம் என்று கண்டார்கள். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் இப்படிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கணக்குகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இன்றுவரை பெரும்பாலான மென்பொருட்கள் அந்த வழியில்தான் போகின்றன. பின்னணியைத் தீர்மானிக்காமல் விடுவதற்கென்றே அல்ஃபா உருவானது. ஒரு வியூவர் சத்தமில்லாமல் வெள்ளையையோ கறுப்பையோ வைத்துக் காட்டினால், படம் செய்தவர் வேண்டுமென்றே திறந்துவிட்ட ஒன்றை அது தானாக மூடிவிடுகிறது. பின்னணியில் தெரிவது வியூவர் போட்டது, படத்தில் உள்ளது அல்ல என்பது பார்ப்பவருக்கு உடனே விளங்க வேண்டும். விரும்பினால் ஒரே கீயில் அதை மாற்றவும் முடிய வேண்டும். என் பதிலின் மையம் இதுதான்.

இனி வருவது என் தெரிவு. எந்தத் தரவரையறையும் இப்படித்தான் செய் என்று சொல்லவில்லை. படத்தில் உண்மையாகவே ட்ரான்ஸ்பேரன்ட் பிக்ஸல் ஒன்றாவது இருந்தால் கட்டங்களைக் காட்டுங்கள். அல்ஃபா சேனல் (எல்லாப் பிக்ஸல்களின் அல்ஃபா எண்களும் சேர்ந்த அடுக்கு) இருக்கிறது என்பதற்காக மட்டும் காட்ட வேண்டாம். எல்லாம் 255ஆக இருக்கும் சேனலோடு எத்தனையோ சாதாரண போட்டோக்கள் வருகின்றன. கட்டத்தின் இரண்டு நிறங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாம்பலாக இருக்கட்டும். வெள்ளையும் 204 சாம்பலும் பலருக்குப் பழகிய ஜோடிதான், ஆனால் மெல்லிய கோடுகள் உள்ள லோகோவைப் பார்க்கும்போது கட்டங்கள்தான் முதலில் கண்ணில் படும். கட்டத்தின் அளவு திரைக்கு உரியதாக இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கும்போது கட்டமும் சேர்ந்து பெரிதாகக் கூடாது. கட்டங்கள் படத்தின் எல்லைக்குள் மட்டும் இருக்கட்டும், வெளியே வேறொரு தட்டையான நிறம் போடுங்கள். இது மிக முக்கியம். லோகோவைச் சுற்றி வெற்றிடம் எவ்வளவு விடப்பட்டிருக்கிறது என்பது அச்சில் அளவு வைக்கும்போது தேவைப்படும். எல்லை தெரியாவிட்டால், கடிதத் தலைப்பில் லோகோ ஏன் இவ்வளவு சின்னதாக வந்தது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டத்தின் அளவைத் திரையோடு நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎன்ஜி என்பது அல்ஃபாவையும் சேர்த்து வைக்கக்கூடிய படக் கோப்பு வகை. இணையத்தில் ‘பிஎன்ஜி’ என்று தேடி எடுக்கும் சாமிப் படங்கள், பூ வளையங்கள், தேர் படங்களில் பல போலி. கட்டங்கள் படத்திலேயே பதிந்திருக்கும், ட்ரான்ஸ்பேரன்ட் என்று ஒன்றுமே இருக்காது. ஸ்டூடியோவில் வேலை செய்யும் உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அவசரத்தில் அதைத் திருவிழா பெனரில் வைத்து அச்சுக்குக் கொடுத்தால் அம்மனுக்குப் பின்னால் சாம்பல் கட்டம் நிற்கும். நல்ல வியூவரில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வினாடி போதும்: பெரிதாக்கும்போது கட்டமும் பெரிதானால் அது படத்தில் உள்ளது, பின்னணி மாற்றும் கீயை அழுத்தியும் கட்டம் மாறாமல் இருந்தாலும் அது படத்தில் உள்ளது. உங்கள் வியூவரின் கட்டத்துக்கு இலேசாக ஒரு நீலச் சாயல் கொடுத்தால் கீ அழுத்துவதற்கு முன்பே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் கட்டங்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை டீசேர்ட் வேலை எனக்குத் தெளிவாகக் காட்டியது. இங்கே தோட்டங்களுக்கிடையிலான கிரிக்கெட் சுற்றுப்போட்டிக் காலம் வந்தால் டிடிஎஃப் அச்சுக்கு (ஃபிலிமில் அச்சிட்டு, சூட்டால் துணியில் ஒட்டும் முறை) லோகோக்கள் வந்து குவியும். இந்த முறையில் நிறங்களுக்கு அடியில் வெள்ளை மை ஒரு படலமாகப் போகும். அந்த வெள்ளை எங்கே விழ வேண்டும் என்பதை அச்சு மென்பொருள் படத்தின் அல்ஃபாவிலிருந்துதான் எடுக்கும். வடிவமைப்பவர் மென்மையான தூரிகையால் பின்னணியை அழித்திருந்தால், அழிந்ததாகத் தோன்றும் இடத்தில் அல்ஃபா 2, 3, 4 என்று மிச்சம் இருக்கும். அல்ஃபா 3 உள்ள கறுப்புப் பிக்ஸலைக் கட்டங்களின் மேல் வைத்தால் வெள்ளைக் கட்டத்தின் 255 என்பது 252 ஆகும், சாம்பல் கட்டத்தின் 204 என்பது 202 ஆகும். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. அச்சு மென்பொருளின் அமைப்பைப் பொறுத்து, அரக்கு நிற டீசேர்ட்டில் அதே இடம் வெள்ளைத் தூசு படிந்ததுபோல் வெளியே வரும். அல்ஃபா சேனலைத் தனியாகக் கறுப்பு வெள்ளையில் காட்டினாலும் இது அகப்படாது, 3 என்பது கறுப்போடு கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே உங்கள் வியூவரில் ஒரு வசதி கட்டாயம் வையுங்கள்: அல்ஃபா 0 ஆகவும் இல்லாமல் 255 ஆகவும் இல்லாமல் இருக்கும் எல்லாப் பிக்ஸல்களையும் கண்ணைப் பறிக்கும் ஒரே நிறத்தில், உதாரணமாக மஜெண்டாவில், காட்டும் ஒரு பார்வை. எழுதுவதற்குப் பத்து வரி கூட ஆகாது. ஓரங்களில் மெல்லிய கோடாக மஜெண்டா வந்தால் எல்லாம் சரி. பரவலாகப் புகைபோல் வந்தால் அந்தக் கோப்பை அச்சுக்கு அனுப்பக் கூடாது. ஸ்டூடியோவுக்கு நீங்கள் எழுதும் வியூவரில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட இதையே அதிகம் பயன்படுத்துவார்கள் என்று நினைக்கிறேன்.

பின்னணி மாற்றும் கீயில் கட்டம், வெள்ளை, கறுப்பு, நடுச்சாம்பல், பயனர் விரும்பும் நிறம் என்று வரிசையாக வரட்டும். கறுப்பு எதற்கு என்றால், ஃபோன்களில் டார்க் மோட் வந்த பிறகு கையெழுத்து, முத்திரை, கறுப்பு எழுத்து லோகோ எல்லாம் இருட்டில் காணாமல் போகின்றன. ‘ஃபைல் வெறுமையாக வந்திருக்கிறது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். ஆகவே வியூவர் ஜன்னலின் நிறம் டார்க் மோடில் மாறினாலும் படத்தின் பின்னணி அதோடு சேர்ந்து மாறாமல் இருப்பது நல்லது.

அடுத்தது சின்னதாக்கிக் காட்டுவது. பின்னணி நிறத்தில் அபிப்பிராய பேதம் இருக்கலாம், இதில் இருக்க முடியாது. செய்தால் சரி, செய்யாவிட்டால் பிழை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிக்ஸல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று முழு வெள்ளை, அல்ஃபா 255. மற்றது வெற்றிடம், அல்ஃபா 0, உள்ளே நிற எண்கள் மூன்றும் 0. இரண்டையும் ஒன்றாகச் சுருக்கும்போது நான்கு எண்களையும் தனித்தனியாகச் சராசரி எடுத்தால் நிறம் 128, அல்ஃபா 128 வரும். அதாவது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் எங்கிருந்தோ ஒரு சாம்பல் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாத வெற்றிடத்தின் நிறம் கணக்கில் கலந்ததால் வந்த அழுக்கு அது. முதலில் நிறங்களை அல்ஃபாவால் பெருக்கி, பிறகு சராசரி எடுத்து, கடைசியில் அல்ஃபாவால் வகுத்தால் நிறம் 255, அல்ஃபா 128 என்று சரியாக வரும். லோகோவைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு தெரிகிறது என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை இதனால்தான். கோப்பில் ஒரு குறையும் இருக்காது, வியூவர் சுருக்கிய விதம்தான் காரணம். தம்நெயில் (கோப்புப் பட்டியலில் தெரியும் சின்ன முன்னோட்டப் படம்) செய்யும் இடத்திலும் இதைக் கவனியுங்கள், அங்கேதான் பெரும்பாலும் மறந்துபோகிறார்கள்.

கோப்பைத் திறக்கும் இடத்திலும் சில பொறிகள் உண்டு. பிஎன்ஜி 1996இல் வந்தது முதல், நிறத்தை அல்ஃபாவால் பெருக்காமலே சேமிக்கிறது. டிஃப் என்ற இன்னொரு படக் கோப்பு வகையில் பெருக்கியும் இருக்கலாம், பெருக்காமலும் இருக்கலாம். எக்ஸ்ட்ரா சாம்பிள்ஸ் என்ற குறிப்பில் 1 இருந்தால் பெருக்கியது, 2 இருந்தால் பெருக்காதது. பெருக்கிய கோப்பை மறுபடி பெருக்கினால் ஓரம் கறுக்கும், பெருக்காததைப் பெருக்கியது என்று நினைத்தால் ஓரம் வெளுத்து எரியும். பிஎன்ஜியிலேயே, அல்ஃபா சேனல் உள்ள வகைகளை மட்டும் பார்த்துவிட்டு நிற்கக் கூடாது. நிறங்களை ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொரு பிக்ஸலுக்கும் பட்டியல் எண்ணை மட்டும் எழுதும் நிறப்பட்டியல் வகைப் படங்களில் டிஆர்என்எஸ் என்ற தனிப் பகுதியில் அல்ஃபா இருக்கும். அளவு குறைத்த லோகோக்கள் பல இந்த வகைதான். ஜிஃப்பில் ஒரேயொரு நிறத்தை முழு வெற்றிடம் என்று குறிக்கலாம், பாதி மறைப்பு கிடையாது. ஜேபெக்கில் அல்ஃபாவே இல்லை. 32 பிட் பிஎம்பி கொஞ்சம் தொல்லை: நான்காவது பைட்டைச் சில மென்பொருட்கள் பயன்படுத்தாமல் 0 என்றே விட்டுவிடுகின்றன, அதை அப்படியே நம்பினால் முழுப் படமும் காணாமல் போகும். எல்லா அல்ஃபாவும் 0 ஆக இருந்தால் அதை அல்ஃபா இல்லாத படமாக எடுத்துக்கொள்வதே நடைமுறை. பிஎன்ஜியில் பிகேஜிடி என்று ஒரு பகுதியும் வரலாம், படம் செய்தவர் பரிந்துரைக்கும் பின்னணி நிறம் அதில் இருக்கும். பயனர் வேறு பின்னணி கேட்டால் இதைப் புறக்கணிக்க வேண்டும் என்றே வரையறை சொல்கிறது. நான் அதை மாற்றுக் கீயின் வரிசையில் ஒரு தெரிவாக வைப்பேன், தொடக்கப் பின்னணியாக வைக்க மாட்டேன். சில மென்பொருட்கள் அன்றைக்கு எந்த நிறம் கையில் இருந்ததோ அதை அங்கே எழுதிவிடுகின்றன.

சந்தேகத்துக்கு இடமுள்ள ஒரு விஷயம், கலக்கும் கணக்கை எந்த எண்களில் செய்வது என்பது. கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை. வெள்ளையைப் பாதி அல்ஃபாவோடு கறுப்பின் மேல் வைத்து, கோப்பு எண்களிலேயே கணக்கிட்டால் 128 வரும். எண்களை ஒளி அளவாக மாற்றிக் கணக்கிட்டுத் திருப்பினால் 188 வரும். பௌதிகப்படி இரண்டாவதுதான் சரி, பிஎன்ஜி வரையறையும் அதையே விரும்புகிறது. ஆனால் பிரௌசர்களும் பெரும்பாலான டிசைன் மென்பொருட்களும் முதலாவது முறையில்தான் கலக்கின்றன. படம் செய்பவர் அந்தத் திரையைப் பார்த்துத்தான் நிழலின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறார். நிழலை அவர் பார்த்தபடியே காட்ட வேண்டும் என்றால், பின்னணியோடு கலப்பதை வழக்கமான முறையில் செய்யுங்கள். சுருக்குவதை மட்டும் ஒளி அளவில் செய்யுங்கள். இது என் முடிவு, இதற்கு எதிராக நல்ல வாதம் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அல்ஃபா 0 உள்ள இடத்தில் நிறம் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நின்ற ஒருவரை அழித்து பிஎன்ஜியாகச் சேமித்தால், சில சமயம் அவருடைய முகம் முழுதாக அந்த வெற்றிடத்துக்குள் அப்படியே இருக்கும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் பிஎன்ஜி ஏற்றுமதி செய்யும் இடத்தில் இந்த நிறங்களை வைத்திருக்கவா என்று தனியாக ஒரு தெரிவு உண்டு. உங்கள் வியூவரில் அல்ஃபாவைப் புறக்கணித்து நிறத்தை மட்டும் காட்டும் பார்வையும் இருந்தால், வெளியே அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆட்களின் படங்களைக் கையாளும் ஸ்டூடியோவுக்கு இது அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்கும் விஷயம், அலட்சியமாக விடாதீர்கள்.

உங்கள் லோகோ விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பாகக் கண்டவரிடம் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தால் வழியிலேயே ஜேபெக் ஆகியிருக்கும், அல்ஃபா அங்கேயே போய்விட்டது. அந்தப் பிரதியை எந்த வியூவராலும் மீட்க முடியாது. டொக்கியுமன்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். சங்கத்துக்கு மூன்று கோப்புகள் கொடுத்துவிடுங்கள்: ட்ரான்ஸ்பேரன்ட் பிஎன்ஜி, வெள்ளைப் பின்னணி போட்ட ஜேபெக், இருண்ட பின்னணிக்கென்று எழுத்தை வெள்ளையாக்கிய இன்னொரு பிஎன்ஜி. உங்கள் வியூவரிலும் ஜேபெக்காகச் சேமிக்கும்போது, கிளிப்போர்டுக்குப் பிரதி எடுக்கும்போது, பிரிண்ட் கொடுக்கும்போது பின்னணி என்ன என்பதை வியூவரே முடிவெடுக்க விடாதீர்கள், பயனரிடம் கேட்க வையுங்கள். அந்தக் கணத்தில் திரையில் உள்ள கட்டங்கள் எக்காரணம் கொண்டும் கோப்புக்குள் போகக் கூடாது. எழுதி முடித்ததும் வெள்ளை எழுத்து, கறுப்பு எழுத்து, மென்மையான நிழல், அல்ஃபா 3 உள்ள ஒரு புகை, எல்லாம் 0 ஆன ஒரு பிஎம்பி என்று ஐந்து சோதனைப் படங்களை நீங்களே செய்து திறந்து பாருங்கள். எந்த மொழியில், எந்த லைப்ரரியில் எழுதுகிறீர்கள் என்று சொன்னால், பெருக்கிச் சுருக்கும் பகுதியை அதற்கு ஏற்றபடி எழுதித் தருகிறேன்.